அக்காவின் வெரிபீ விலாசம்

போன மாதம், நான் முன்பு வேலை செய்த ஓய்வூதிய நிதி நிறுவனத்தின் இணையத்தளத்துக்குள் சும்மா எட்டிப் பார்த்தேன். என்னுடைய ஓய்வுப் பணமும் அங்கேதான் கிடக்கிறது என்பதால் அங்கத்தவர் என்ற முறையில் பார்க்க எனக்கு உரிமை இருக்கிறது. உண்மையான காரணம் அதுவல்ல. எனக்கு விடுப்பு கூட. எங்கள் மன்னார்ப் பக்கத்தில் விடுப்பு என்றால் லீவு இல்லை. அடுத்த வீட்டில் என்ன நடக்கிறது என்று அறிந்தே தீரவேண்டும் என்கிற துடிப்பு. அதை வைத்துத்தான் நான் சிட்னியில் இத்தனை வருடம் சம்பளம் வாங்கினேன் என்றால் யாரும் நம்பமாட்டார்கள்.

அங்கே புதிதாக ஒரு கணிப்பான் போட்டிருந்தார்கள். ஓய்வுக் கணக்கில் மேலதிகமாகப் பணம் சேர்ப்பதென்றால் அதை வரிக்கு முன் போடுவதா, வரி கட்டிய பின் போடுவதா? வயதைக் கேட்டது, சம்பளத்தைக் கேட்டது, எவ்வளவு போட விருப்பம் என்று கேட்டது. நான் ஒரு பொய்க் கணக்கைத் தட்டிவிட்டுத் தேத்தண்ணிக் கோப்பையை எடுப்பதற்குள் பதில் வந்துவிட்டது. சும்மா சொல்லக்கூடாது, பதில் சரிதான். ஆனால் உங்களோடு வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று அது கேட்கவே இல்லை. இன்னும் அங்கே வேலை செய்கிற தோழி ஒருத்தியிடம் தொலைபேசியில் இதைச் சொன்னேன். அவள் சிரித்துவிட்டு, உனக்கு அருளின் கதை ஞாபகம் வந்துவிட்டது, எழுதிவிடு, இல்லாவிட்டால் நித்திரை கொள்ளமாட்டாய் என்றாள். சரி, எழுதுகிறேன். சம்பந்தப்பட்டவர்களிடம் கேட்டுவிட்டேன். பெயர்களை மாற்றிவிட்டேன்.

ஆஸ்திரேலியாவுக்கு வெளியே இருப்பவர்களுக்கு ஒரு சொல். இங்கே வேலை செய்கிற ஒவ்வொருவருக்கும் முதலாளி ஓய்வுக் கணக்கு ஒன்றில் பணம் போடவேண்டும். எல்லோரும் அதைச் சுப்பர் என்பார்கள். அதற்கு மேல் நாமும் போடலாம். சம்பளம் கையில் வருமுன்பே, வரி கழிக்காமல் போட்டால், உள்ளே போகும்போது நூற்றுக்குப் பதினைந்து வரியாக எடுப்பார்கள். சம்பளத்தை வாங்கி, வரியைக் கட்டி, மிச்சத்தில் போட்டால் உள்ளே போகும்போது ஒன்றும் எடுக்கமாட்டார்கள். நடுத்தரச் சம்பளக்காரருக்குச் சம்பள வரி அந்தப் பதினைந்தை விடக் கூட என்பதால் அனேகமாக முதல் வழிதான் இலாபம். அறுபது வயதுக்குப் பிறகு வெளியே எடுக்கும்போது இரண்டுக்கும் வரி இல்லை. விஷயம் இவ்வளவுதான். இதை யாருக்கும் ஒரு தேத்தண்ணி நேரத்தில் சொல்லிவிடலாம்.

நான் இந்த வேலைக்கு வந்த கதையும் பெரிதல்ல. மாத்திரைகள் பொதிசெய்யும் தொழிற்சாலையில் நின்றபடி வேலை, பின்னேரங்களில் கணக்கியல் வகுப்பு, பிறகு நிதி நிறுவனத்தின் தொலைபேசிப் பிரிவு, பிறகு பரீட்சைகள், பிறகு பரமட்டா அலுவலகத்தில் ஆலோசகர் என்று ஒரு மேசை. அந்த மேசைக்கு நான் வந்த அன்றுதான் ஹெலனைச் சந்தித்தேன்.

ஹெலன் எங்கள் மேலாளர். நாட்டின் உட்பகுதியில் ஒரு கோதுமைப் பண்ணையில் வளர்ந்தவர், உயரமான பெண், மெதுவாகப் பேசுவார். வாடிக்கையாளர் வந்து அமர்ந்ததும் கணினித் திரையைச் சுவர்ப்பக்கம் திருப்பிவிடுவார். பேனாவின் மூடியைக் கழற்றவே மாட்டார். வந்தவர் தன் கதையைச் சொல்லி முடித்து, பெருமூச்சு விட்டு, வேறு என்ன என்று யோசிக்கத் தொடங்கிய பிறகுதான் மூடி கழலும். அதுவரை கைகள் மேசையில் கோத்தபடி இருக்கும். நான் இடையில் ஏதாவது எண்ணைச் சொல்லிவிட்டால் மேசைக்குக் கீழே என் காலை மெல்லத் தட்டுவார். வந்தவர் ஒரு கேள்வி கொண்டுவருவார், ஆனால் அது அவருடைய சொந்தக் கேள்வியா, வேறு யாரோ கொடுத்தனுப்பியதா என்று முதலில் பார் என்பார். பிறகு கட்டாயமாகக் கேட்கவேண்டியவை சில: யாரோடு குடியிருக்கிறீர்கள், யார் சமைக்கிறது, வருத்தம் வந்தால் யார் டொக்டரிடம் கூட்டிக்கொண்டு போகிறது. வெள்ளைக்காரப் பெண் ஒருவர் எங்களூர்ப் பெண்களைப் போல இப்படி விடுப்புக் கேட்பதைப் பார்த்து நான் வாயைப் பிளந்தேன். எனக்கு ஏற்ற இடத்துக்குத்தான் வந்திருக்கிறேன் என்று சந்தோஷமாகவும் இருந்தது.

அருள் வந்தது அதற்குச் சில வருடங்களுக்குப் பிறகு. எங்கள் மன்னார்க்காரர், அகதியாக வந்து குடியுரிமை பெற்றவர். பிளாக்டவுன் பக்கத்தில் ஒரு குளிர்களஞ்சியத்தில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டினார், குடியிருந்தது வென்ட்வேர்த்வில்லில். கலியாணம் செய்யவில்லை. அறுபதுக்கு இன்னும் சில வருடம் இருந்தது. இதயத்தில் ஏற்கெனவே ஒரு சத்திரசிகிச்சை. கூடவே ஓர் அம்மாவும் வந்தார். அக்கா பிலோமினா என்று அறிமுகப்படுத்தினார்.

அருளின் கேள்வி தயாராக இருந்தது. கொஞ்சம் கொஞ்சமாக மேலதிகப் பணம் போட விரும்புகிறார், வரி கட்டிய பிறகுதான் போடவேண்டும், அதற்கு என்ன செய்யவேண்டும் என்றார். ஏன் அப்படி, வரிக்கு முன்னுக்குப் போட்டால் உங்களுக்கு இலாபமே என்றேன். அண்ணர் சொன்னவர் என்றார். அண்ணர் சேவியர் பல காலம் அமெரிக்காவில், நியூ ஜேர்சியில் வேலை செய்துவிட்டு மெல்பேர்னுக்கு மாறி, வெரிபீயில் வீடு வாங்கி இருக்கிறார். அமெரிக்காவில் ரோத் என்று ஒரு கணக்கு இருக்கிறதாம். இன்றைக்கே வரியைக் கட்டிவிட்டுப் போட்டால், வயது போனபிறகு எடுக்கும்போது ஒரு சதமும் வரி இல்லையாம். பழைய முறைக் கணக்கில் வரி கட்டாமல் போட்டால் எடுக்கும்போது பிடித்துக்கொள்வார்களாம். அண்ணர் ஒவ்வொரு ஞாயிறும் பூசை முடிந்து எடுக்கும் தொலைபேசியில் இந்த ரோத்தைப் பற்றிப் பிரசங்கம் வைப்பாராம்.

எங்களுடைய ஆட்களுக்கே உரிய விஷயம் இது. ஒரு குடும்பம் நாலு நாட்டில் சிதறிக் கிடக்கும். ரொறன்ரோவில் உள்ள மச்சானின் வீட்டுக்கடன் யோசனையை லண்டனில் இருப்பவர் செய்து பார்ப்பார், அமெரிக்க வரிச்சட்டத்தை வென்ட்வேர்த்வில்லில் அமுல்படுத்துவார்கள். சொன்னது யார் என்பதுதான் முக்கியம். மூத்தவர் சொன்னால் சட்டம் எந்த நாட்டுடையது என்று யாரும் கேட்பதில்லை.

இங்கே அப்படி இல்லை, எடுக்கும்போது இரண்டுக்கும் வரி இல்லை என்று நான் விளக்கிக்கொண்டிருந்தபோது, பிலோமினா அக்கா கைப்பையிலிருந்து ஒரு மாத்திரையையும் தண்ணீர்ப் போத்தலையும் எடுத்து அருளின் கையில் வைத்தார். அருள் கேட்கவும் இல்லை, திரும்பிப் பார்க்கவும் இல்லை. வாங்கி விழுங்கிவிட்டுப் போத்தலைத் திருப்பிக் கொடுத்தார். ஹெலன் பழக்கியிருந்த கேள்வி என் வாயில் தானாக வந்தது. அக்கா நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்றேன்.

"வெரிபீயில. அண்ணரோட" என்றார், பூசைக்குப் பதில் சொல்வதுபோல.

அருள் சுவரைப் பார்த்தார். எனக்குச் சும்மா இருக்க முடியுமா? எப்போது சிட்னிக்கு வந்தீர்கள் என்றேன். காலமை என்றார். காலமையே விமானம் கிடைத்ததா என்றேன். இல்லை, வென்ட்வேர்த்வில்லில் ரயில் ஏறினால் பரமட்டாவுக்கு எவ்வளவு நேரம் என்று சொல்லத் தொடங்கியவர், பாதியில் நிறுத்தி என்னைப் பார்த்தார். நான் சிரித்துவிட்டேன். அவரும் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். அருள் மட்டும் சிரிக்கவில்லை.

கதை மெல்ல வெளியே வந்தது. அக்காவை ஆஸ்திரேலியாவுக்குக் கூப்பிட்டது சேவியர் அண்ணர்தான். கலியாணம் ஆகாத சகோதரி மூத்த அண்ணனின் பொறுப்பு. அது எங்கள் சனத்தில் எழுதாத சட்டம். அதனால் வெரிபீ வீட்டுக்கு வந்தார். ஒரு குசினிக்குள் இரண்டு பெண்கள். அண்ணி கெட்டவர் இல்லை, ஆனால் ஒத்துவரவில்லை. அந்த நேரம் பார்த்து அருளுக்கு நெஞ்சில் சத்திரசிகிச்சை. இரண்டு கிழமை சமைத்துக் கொடுத்துவிட்டு வருகிறேன் என்று சிட்னிக்கு வந்த அக்கா திரும்பிப் போகவே இல்லை. வருடங்கள் ஓடிவிட்டன. ஆனால் ஊருக்கும் கோயில் ஆட்களுக்கும் சொல்வது அக்கா அண்ணரோடு இருக்கிறார் என்பதுதான். மருத்துவ அட்டை, வங்கி, எல்லாவற்றிலும் வெரிபீ விலாசம். அங்கே வருகிற கடிதங்களை அண்ணர் உடைக்காமல் சேர்த்துக் கட்டி அனுப்பிவைப்பாராம்.

அருளின் சம்பளத்தில் சாப்பாடு, அக்காவின் மருந்து, வீட்டுக்கடன் எல்லாம். அக்காவுக்கென்று சொந்தமாக ஒரு கணக்கில் ஒன்றும் இல்லை. அருள் மேலதிகமாகப் பணம் போட நினைத்ததே தனக்காக இல்லை. டொக்டர் சொன்னதை வைத்துப் பார்த்தால் தான் அதிக காலம் இருக்கப்போவதில்லை என்று அவருக்குத் தெரிந்திருந்தது. தனக்குப் பிறகு அக்கா அந்த வீட்டை விட்டுப் போகக்கூடாது, யார் வீட்டுக் குசினியிலும் போய் நிற்கக்கூடாது. அவருக்கு வேண்டியது அவ்வளவுதான்.

அவர்களைக் கொஞ்சம் இருக்கச் சொல்லிவிட்டு ஹெலனிடம் ஓடினேன். அவர் கேட்டு முடித்துவிட்டு, பேனா மூடியைக் கழற்றி, ஒரு தாளில் இரண்டு கோடு போட்டார். அன்றைக்கு அவர் விளக்கியதை நான் பிறகு எத்தனையோ பேருக்கு விளக்கியிருக்கிறேன். ஒருவர் இறந்தால் அவருடைய சுப்பர் அவரில் தங்கி வாழ்ந்தவருக்குப் போனால் வரியே இல்லை. மனைவி, சின்னப் பிள்ளைகள் போல, ஒரே வீட்டில் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு வாழ்கிற சகோதரியும் அதற்குள் வரலாம். ஆனால் அதை நிரூபிக்கவேண்டும். தனி வீட்டில் இருக்கிற சகோதரி என்றால் நேரடியாகக் கொடுக்கவே முடியாது. உயில் வழியாகச் சுற்றித்தான் போகவேண்டும். அப்போது வரிக்கு முன் போட்ட பங்கிலிருந்து வரி எடுப்பார்கள். கணக்கோடு ஒட்டியிருக்கும் ஆயுள் காப்புறுதியிலும் எடுப்பார்கள். வரி கட்டிய பின் போட்ட பங்கைத் தொடமாட்டார்கள்.

எனக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. சேவியர் அண்ணர் சொன்ன காரணம் ஒவ்வொன்றும் பிழை. ஆனால் அக்காவின் விலாசம் வெரிபீயில் இருக்கும்வரை அவர் சொன்ன முடிவு சரி. அமெரிக்காவில் பணம் எப்போது வெளியே வருகிறது என்பதில் வரி இருக்கிறது. இங்கே அது யாருடைய கைக்குப் போகிறது என்பதில் இருக்கிறது. இரண்டு வழியில் எது நல்லது என்ற கேள்விக்கு விடை, பிலோமினா அக்கா இரவில் எந்த வீட்டில் படுக்கிறார் என்பதில் இருந்தது.

திரும்பிப் போய்ச் சொன்னேன். அருளுக்கு உடனே விளங்கியது. அப்படியென்றால் விலாசத்தை மாற்றுவோம் என்றார். அது மட்டும் போதாது, இத்தனை வருடக் கடதாசி எல்லாம் வெரிபீ என்று சொல்கிறது, நாளைக்கு யாரும் சந்தேகப்படாமல் இருக்க அண்ணரே எழுதித் தந்தால் நல்லது என்றேன். அக்காவின் முகம் மாறிவிட்டது.

"அண்ணற்ர முகத்தில கரி பூச என்னால ஏலாது. வரியை எடுத்துக்கொண்டு போகட்டும்."

அருள் அதுவரை சத்தம் போட்டுப் பேசாத மனிதர். அப்போதும் சத்தம் போடவில்லை. "நான் செத்தாப் பிறகு உனக்கு ஆர் சோறு போடுறது அக்கா? அண்ணற்ர மரியாதையோ?"

அக்கா கைப்பையை மூடினார். இரண்டு பேரும் எழுந்து போனார்கள். கதவடியில் அக்கா நின்று, அருள் முன்னால் போக வழிவிட்டு, பின்னால் அவருடைய சட்டைக் கொலரைச் சரிசெய்துவிட்டுப் போனார்.

அண்ணருக்கு நானே தொலைபேசி எடுக்கட்டுமா என்று ஹெலனிடம் கேட்டேன். அவர் நமது அங்கத்தவர் இல்லை, எடுக்கக்கூடாது என்றார். அது சட்டம், அதுதான் சரி. ஆனால் அடுத்த கிழமைகளில் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. வென்ட்வேர்த்வில் ஸ்டேஷன் பக்கத்துக் கடைகளில் மீன் வாங்கப் போனால்கூட அவர்கள் நிற்கிறார்களா என்று தேடிக்கொண்டு நின்றேன்.

ஒரு வெள்ளிக்கிழமை மூன்று பேராக வந்தார்கள். பிளாக்டவுனில் ஒரு ஞானஸ்நானத்துக்காக அண்ணர் மெல்பேர்னிலிருந்து வந்திருந்தார். கோட், சூட், மினுக்கிய சப்பாத்து. அருள் சொல்லித்தான் கூட்டிவந்திருக்கிறார் என்பது அக்கா யாரையும் பார்க்காமல் இருந்ததில் தெரிந்தது. நான் ஹெலனையும் கூப்பிட்டேன்.

அண்ணர் அமர்ந்ததும் ஹெலனுக்கு ரோத் பற்றி விளக்கத் தொடங்கினார். நல்ல ஆங்கிலம். தாள் கேட்டு வாங்கிப் படம் கீறினார். பழைய முறைக் கணக்கை ஒரு பக்கமும் ரோத்தை மறு பக்கமும் போட்டு, சம்பளம் குறைவாக இருக்கிற காலத்தில் ரோத்துக்குப் போகவேண்டும், வயது போனபின் வருமானம் குறையும் என்று நிச்சயமாகத் தெரிந்தால் பழைய முறைதான் நல்லது என்று வடிவாகச் சொன்னார். ஹெலன் பேனாவைத் திறக்காமல் கேட்டுக்கொண்டிருந்தார். நடுவில் இரண்டு கேள்வியும் கேட்டார். அவர் நடிக்கவில்லை, உண்மையிலேயே அறிய ஆசைப்பட்டார். அண்ணருக்கு முகம் மலர்ந்துவிட்டது. இத்தனை நாளும் அவருடைய ரோத்தை யாரும் இப்படி ஒழுங்காகக் கேட்டிருக்கமாட்டார்கள்.

எல்லாம் முடிந்த பிறகு ஹெலன் மூடியைக் கழற்றினார். உங்கள் தங்கையை டொக்டரிடம் கூட்டிக்கொண்டு போவது யார் என்று கேட்டார். தம்பி என்றார் அண்ணர். மருந்துக்குக் காசு? தம்பி. வீட்டில் அவருக்குச் சாப்பாடு? அண்ணர் கொஞ்சம் தாமதித்தார். தம்பி என்றார். ஹெலன் ஒன்றும் எழுதாமல் பேனாவைக் கீழே வைத்தார்.

அண்ணர் என் பக்கம் திரும்பித் தமிழில் பேசினார். "பிள்ளை, அவ என்ர வீட்டில இல்லை எண்டு நான் எழுதித் தரவேணும், அப்பிடித்தானே?"

"ஓம் அண்ணை."

"என்ர வீட்டில அவவுக்கு ஒரு அறை இருக்கு. கட்டில், அலுமாரி எல்லாம் வாங்கி வைச்சனான். ஆர் வந்தாலும் அது பிலோமினாவின்ர அறை எண்டு காட்டுறனான்." அவர் தன் கைகளைப் பார்த்தார். "அவவுக்கு நான் செய்ததெண்டு சொல்ல அது ஒண்டுதான் இருக்கு. அதையும் இல்லையெண்டு எழுதச் சொல்லுறியள்."

ஹெலனுக்கு மொழி தெரியாது, ஆனால் ஒன்றும் கேட்காமல் ஒரு புதிய தாளை எடுத்து அவர் முன்னால் வைத்தார். அண்ணர் கோட்டைக் கழற்றிக் கதிரையின் முதுகில் போட்டுவிட்டு எழுதத் தொடங்கினார்.

அது சத்தியக் கடதாசி. பொய் எழுதினால் குற்றம். எழுதியதைச் சமாதான நீதவான் ஒருவர் முன் ஒப்பமிடவேண்டும். எங்கள் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் ஒருவர் இருந்தார். அதற்கு முன் அண்ணர் தான் எழுதியதை வாசித்து, அக்காவுக்காகத் தமிழிலும் சொன்னார். என் சகோதரி பிலோமினா ஒருபோதும் என் வீட்டில் வசித்ததில்லை. என் தம்பியின் வீட்டில், அவனுடைய பராமரிப்பில் இருக்கிறார். அவனுடைய வருத்தத்தில் அவனைப் பார்ப்பவரும் அவரே.

"பொய் எழுதாதேங்கோ அண்ணை" என்றார் அக்கா. அவர் வாய் திறந்தது அன்றைக்கு அப்போதுதான். "மூண்டு மாசம் உங்கட வீட்டில இருந்தனான். காச்சல் வந்தநேரம் அண்ணி கஞ்சி வைச்சுத் தந்தவ. அதையும் எழுதுங்கோ."

நான் ஹெலனுக்கு மொழிபெயர்த்தேன். ஹெலன் தலையாட்டி, அவர் சொல்வது சரி, அது இருந்தால்தான் கடதாசி முழு உண்மை என்றார். அண்ணர் முதல் வரியை வெட்டிவிட்டு மூன்று மாதத்தையும் கஞ்சியையும் எழுதினார். அப்படி ஒரு சத்தியக் கடதாசியை எங்கள் அலுவலகம் அதற்கு முன்னும் பின்னும் கண்டிருக்காது.

பிறகு அருள் தன் நியமனத்தை எழுதினார். தான் இறந்தால் பணம் முழுவதும் அக்காவுக்கு. பணம் பெறப்போகாத இரண்டு பேர் சாட்சியாக, அவர் கையெழுத்து வைப்பதைக் கண்ணால் பார்த்து, அதே நேரத்தில் தாங்களும் வைக்கவேண்டும். ஹெலன் இதில் விட்டுக்கொடுக்கவே மாட்டார். பக்கத்து அறையிலிருந்து இரண்டு பேரைக் கூப்பிட்டு, பேசிக்கொண்டு நிற்கவேண்டாம், அவருடைய கையைப் பாருங்கள் என்றார். மேலதிகப் பணத்தை வரிக்கு முன்பே போடுவதென்று முடிவாயிற்று. அண்ணர் அதை எதிர்த்து ஒரு சொல்லும் சொல்லவில்லை.

அருள் அறுபதைக் காணவில்லை. வேலைக்குப் போக உடுத்திக்கொண்டிருந்தபோது விழுந்துவிட்டார். பணம் கொடுக்கும் பிரிவில் இருந்தவர்கள் எல்லாவற்றையும் வழக்கம்போல் துருவிப் பார்த்தார்கள். வெரிபீ விலாசம் அவர்கள் கண்ணிலும் பட்டது. அண்ணரின் கடதாசியைப் படித்த பிறகு வேறு ஒன்றும் கேட்கவில்லை. பணமும் காப்புறுதியும் ஒரு சதம் வரி இல்லாமல் அக்காவின் பெயருக்குப் போயின. வீட்டுக்கடன் தீர்ந்தது.

அருளின் ஆண்டு நினைவுப் பூசைக்கு என்னையும் கூப்பிட்டார்கள். பூசை முடிந்து வென்ட்வேர்த்வில் வீட்டில் சாப்பாடு. சொந்தக்காரர், கோயில் ஆட்கள் என்று வீடு நிறைய சனம். அண்ணரும் அண்ணியும் வந்திருந்தார்கள். பெரியம்மா முறையான ஒருவர் சாப்பிட்டுக்கொண்டே, அருளும் போய்விட்டான், இங்கே தனியாக என்ன செய்யப்போகிறாய் பிலோமினா, உன்னை இவ்வளவு காலமும் பார்த்த அண்ணரோடேயே போய் இருக்கலாம்தானே என்றார். எல்லோரும் ஓம் ஓம் என்றார்கள். அக்கா தலையைக் குனிந்துகொண்டு கறிச்சட்டியைத் தூக்கினார். எப்போதும்போல அதை அப்படியே விட்டுவிடப் போகிறார் என்று நினைத்தேன்.

சேவியர் அண்ணர் தட்டை வைத்துவிட்டு எழுந்தார்.

"அவவை நான் பாக்கேல்லை பெரியம்மா. பாத்தது முழுக்க அருள்தான். இது அவவின்ர வீடு. நான் சும்மா பேருக்கு அண்ணர்."

அண்ணி நிலத்தைப் பார்த்தார். பிலோமினா அக்கா கறிச்சட்டியோடு குசினி வாசலில் நின்றபடி, அண்ணரைப் பார்க்காமல், அந்தப் பெரியம்மாவைப் பார்த்துச் சொன்னார்.

"பேருக்கு அண்ணர் எண்டா, தன்ர பேரைக் கெடுத்து எனக்குக் கையெழுத்து வைச்சுத் தருவாரோ?"

பெரியம்மாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. அண்ணர் தட்டை எடுக்கக் குனிந்தவர் நிமிராமல் அப்படியே இருந்து அழுதார்.